ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள் எதை, எந்த வரிசையில் படிக்கலாம்: முழுமையான வழிகாட்டி

ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே கைக்கு ஒரு நூல் பட்டியல் வந்துவிடும். பெரும்பாலும் அது கல்வித் தத்துவத்தில் தொடங்கும். ரூசோ 1762-இல் ‘எமில்’ எழுதினார், ஜான் டூயி 1916-இல் ‘டெமாக்ரசி அண்ட் எஜுகேஷன்’ எழுதினார் என்று குறிப்பெடுப்போம், தேர்வில் எழுதுவோம், அப்புறம் மறந்துபோவோம். அந்த நூல்கள்மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள்கூட வகுப்பின் முன்னால் நின்றிராத ஒருவருக்கு, அவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்பதே பிடிபடாது. கேள்வி எழாத மனத்தில் பதில் எப்படித் தங்கும்?

பயிற்சி மாணவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அதில் எனக்குப் படிந்த வரிசை இந்தப் பட்டியலுக்கு நேர்தலைகீழ். முதலில் குழந்தைகள் நடமாடும் நூல்கள். பிறகு குழந்தையின் மனம் எப்படிக் கற்கிறது என்று சொல்பவை. அடுத்து நீங்கள் நடத்தப்போகும் பாடம். அதன்பின் வகுப்பு நடத்தும் கைப்பழக்கம். தத்துவம் கடைசியில். நடுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு: படித்ததை ஒரு குழந்தையிடமாவது கொண்டுபோய்ப் பார்க்காமல் அடுத்த நூலைத் தொடக் கூடாது.

படி 1: புத்தகத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் பள்ளிக்கூடத்தை எழுதுங்கள்

டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் ‘ஸ்கூல்டீச்சர்’ என்ற நூலை எழுதினார். அதில் ஒரு கணக்கு வரும். ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாராம். வேறெந்தத் தொழிலுக்குப் போகிறவருக்கும் இப்படி ஓர் ஒத்திகை கிடைப்பதில்லை. சிக்கலும் இதிலேயே இருக்கிறது. பெஞ்சில் இருந்து பார்த்தவருக்கு ஆசிரியர் செய்தது தெரியும். ஏன் செய்தார், முந்தைய இரவு எதை யோசித்தார், எதை வேண்டாமென்று விட்டார் என்பது தெரியாது. ஆகவே பயிற்சியில் என்னதான் படித்தாலும், வகுப்பில் தடுமாறும் நிமிடத்தில் நம் பழைய ஆசிரியரின் குரல்தான் நம் வாயிலிருந்து வரும்.

அதனால் ஒரு நோட்டு எடுங்கள். இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், வலது பக்கம் காலியாக இருக்கட்டும். உங்களுக்குப் புரிந்த ஒரு பாடம், கடைசிவரை புரியாத ஒரு பாடம், அவமானப்பட்ட ஒரு தருணம், உங்களை யாரோ கவனித்த ஒரு தருணம் என நான்கைந்து நிகழ்ச்சிகள் போதும். ‘நல்ல ஆசிரியர்’, ‘கண்டிப்பானவர்’ என்று சுருக்கிவிடாதீர்கள். அவர் எங்கே நின்றார், என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு மாலை போதும். இந்த நோட்டுதான் இனி உங்கள் முதல் நூல்.

படி 2: வகுப்பறைக் கதைகள்

இங்கே நிதானமாக இருங்கள். ஒன்றரை மாதம்கூட எடுத்துக்கொள்ளலாம்.

கிஜுபாய் பதேகா 1930-களின் தொடக்கத்தில் குஜராத்தியில் எழுதிய ‘திவாஸ்வப்னா’, தமிழில் ‘பகல் கனவு’, தொடங்குவதற்கு ஏற்ற நூல். கற்பனையான ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டு தன் விருப்பப்படி நடத்த அனுமதி வாங்குகிறார். முதல் நாள் பெரிய திட்டத்தோடு போகிறார். பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்கும் விளையாட்டு ஒன்றைத் தொடங்குகிறார். வகுப்பே கூச்சலாகிவிடுகிறது. மறுநாள் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்குகிறார். பயிற்சி மாணவர்கள் இந்த இடத்தைப் படிக்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதிக்கொண்டு போன பாடக்குறிப்பு முதல் பத்து நிமிடத்திலேயே குலைந்துபோவது தங்களுக்கு மட்டும் நடப்பதல்ல என்று தெரிந்துகொள்ளும் நிம்மதி அது.

அடுத்து டெட்சுகோ குரோயானகியின் ‘டோட்டோ-சான்’. 1981-இல் ஜப்பானில் வெளியானது. வேறொரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமி புதுப் பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நூலை இனிமையான நினைவலையாகப் படித்து முடித்துவிடுவது எளிது. அப்படி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் கோபயாஷி எதைச் செய்யாமல் இருந்தார் என்று பாருங்கள். திட்டக்கூடிய இடத்தில் திட்டவில்லை, உதவக்கூடிய இடத்தில் ஓடிப்போய் உதவவில்லை. அதை நோட்டில் எழுதுங்கள்.

நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த சில்வியா ஆஷ்டன்-வார்னரின் ‘டீச்சர்’ 1963-இல் வந்தது. காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும் ‘இன்று உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று கேட்பார். அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுப்பார். குழந்தையின் பயமும் ஆசையும் பொதிந்த சொற்கள் ஒரே பார்வையில் மனத்தில் ஒட்டிக்கொண்டதையும், பாடப்புத்தகத்தின் சாதுவான சொற்கள் ஒட்டாமல் போனதையும் அவர் எழுதிச் செல்வார். தொடக்க வகுப்புக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் ஆன் சலிவனின் கடிதங்களைச் சொல்வேன். பார்வையும் செவித்திறனும் இழந்த ஹெலன் கெல்லரின் தன்வரலாறு 1903-இல் வெளியானபோது, அவருடைய ஆசிரியையான சலிவன் எழுதிய கடிதங்களும் அதே நூலில் சேர்க்கப்பட்டன. பலர் முதல் பகுதியோடு மூடிவிடுகிறார்கள். கடிதங்கள் பின்னால் இருக்கின்றன. 1887 மார்ச்சில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சலிவனுக்கு 20 வயதுதான். உங்களைப் போல் ஒரு புதிய ஆசிரியர். ஹெலனின் கையில் தண்ணீரைக் கொட்டியபடி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டிய நிகழ்ச்சி எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சில நாட்கள் கழித்து எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று, சுமார் 15 மாதம். அந்தக் குழந்தை பேச்சைப் புரிந்துகொள்வதைச் சலிவன் உட்கார்ந்து கவனிக்கிறார். அதற்கு யாரும் மணியடித்துப் பாடம் நடத்தவில்லை. சுற்றியிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அது பிடித்துக்கொள்கிறது. அன்றே நேரம் வைத்து நடத்திய பாடங்களை நிறுத்திவிட்டு, குழந்தையின் காதில் பேசுவதுபோல் ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகப் பேசுவது என்று முடிவு செய்கிறார். ஓர் ஆசிரியர் ஒரு குழந்தையைக் கவனித்து, அதிலிருந்து தன் முறையை மாற்றிக்கொள்வதை இவ்வளவு அருகில் நின்று பார்க்க வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை.

இந்த நூல்களைப் படிக்கும்போது ஒரே வேலைதான். ஆசிரியர் தன் திட்டத்தை மாற்றும் இடம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். எதைப் பார்த்து மாற்றினார் என்று ஓரத்தில் எழுதுங்கள்.

படி 3: குழந்தையின் மனம்

உளவியல் தாளுக்குப் படிக்கிற குறிப்புகளில், குழந்தையின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் நான்கு நிலைகள் அட்டவணையாக இருக்கும். அட்டவணையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தேர்வுக்கு வேண்டும். ஆனால் பியாஜேயைத் தனியாகப் படிக்காதீர்கள். மார்கரெட் டொனால்ட்சனின் ‘சில்ட்ரன்ஸ் மைண்ட்ஸ்’ நூலோடு சேர்த்துப் படியுங்கள். 1978-இல் வந்த, மெலிந்த, தெளிவான நூல்.

பியாஜேயின் சோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு வரிசையில் சமமாகப் பொத்தான்களை அடுக்கி, ‘இரண்டும் சமமா?’ என்று கேட்பார்கள். ‘சமம்’ என்று குழந்தை சொல்லும். பெரியவர் ஒரு வரிசையை அகலமாகப் பரப்பிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். சின்னக் குழந்தைகள் பலர் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். எண்ணிக்கை மாறவில்லை என்ற புரிதல் இன்னும் வரவில்லை என்பது பியாஜேயின் முடிவு. டொனால்ட்சனும் அவரது சக ஆய்வாளரும் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் தொடவில்லை. குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று ‘தப்பித்து வந்து’ கலைத்தது. இப்போது ‘சமம்தான்’ என்று சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைக்கிறது. அதன் கவனம் பொத்தானைவிடக் கேட்பவர்மேல் இருக்கிறது.

இதை மறுநாளே சோதித்துப் பார்க்கலாம். சரியான விடை சொன்ன ஒரு குழந்தையிடம் ‘நிச்சயமா?’ என்று கேளுங்கள். எத்தனை பேர் விடையை மாற்றுகிறார்கள் என்று எண்ணுங்கள். அப்புறம் ‘எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரம் தெரியும்.

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி 1934-இல் இறந்துபோனார். ‘மைண்ட் இன் சொசைட்டி’ அவருடைய எழுத்துகளிலிருந்து தொகுத்து 1978-இல் வெளியிடப்பட்டது. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முயன்று நிறுத்தியவர்கள் பலர். ஆறாவது அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள். தனியாகச் செய்ய முடிவதற்கும் ஒருவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட பரப்பைப் பற்றி அவர் பேசுவது அங்கேதான். ஏழாவது, விளையாட்டைப் பற்றியது. மழலையர் வகுப்புக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நினைவாற்றல் பற்றி இன்றைய ஆய்வுகளை எளிமையாகச் சொல்லும் நூல் டேனியல் வில்லிங்ஹாமின் ‘ஒய் டோன்ட் ஸ்டூடன்ட்ஸ் லைக் ஸ்கூல்’, 2009. எதைப் பற்றி யோசிக்கிறோமோ அதுதான் நினைவில் நிற்கும் என்பது அதன் மையம். அமெரிக்காவில் அடிமைகள் தப்பிச் சென்ற ரகசிய வழிகளைப் பற்றிய பாடத்தில், அவர்கள் சாப்பிட்ட ரொட்டி வகையைப் பிள்ளைகளையே செய்யவைத்த ஓர் ஆசிரியரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். மாவு அளப்பதிலும் பிசைவதிலும் பிள்ளைகளின் நேரம் போனது. வரலாற்றைப் பற்றி அவர்கள் யோசித்தது சில நொடிகள்தான். செயல்பாடு, செயல்பாடு என்று பாடக்குறிப்பை நிரப்பும் நமக்கு இது மிகவும் தேவையான பக்கம். உங்கள் பாடக்குறிப்பின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘இந்த நிமிடத்தில் பிள்ளை எதைப் பற்றி யோசிப்பாள்?’ என்று எழுதிப் பாருங்கள். சில செயல்பாடுகளை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

இதே ஆய்வுகள் உங்கள் படிப்புக்கும் பொருந்தும். 2013-இல் ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டார்கள். வண்ணப் பேனாவால் அடிக்கோடு போடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது இரண்டும் குறைந்த பயன் தருபவை என்ற பிரிவில் வந்தன. மூடிவைத்துவிட்டுத் தன்னையே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் அதிகப் பயன் தருபவை. ஆகவே ஒரு நாளில் இருபது பக்கத்துக்கு மேல் வேண்டாம். மூடிவைத்து நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுங்கள். மூன்று நாள் கழித்து அதே ஐந்து வரியைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். தேர்வுக்கும் இதுவே போதும்.

படி 4: நீங்கள் நடத்தப்போகும் பாடம்

பயிற்சியில் மிகக் குறைவாகப் படிக்கப்படும் நூல் எது என்று கேட்டால், பாடப்புத்தகம் என்பேன். நீங்கள் நடத்தப்போகும் வகுப்பின் புத்தகத்தோடு, அதற்கு முந்தைய வகுப்புப் புத்தகத்தையும் அடுத்த வகுப்புப் புத்தகத்தையும் அட்டையிலிருந்து அட்டைவரை படியுங்கள். பயிற்சிக் கணக்கு ஒன்று விடாமல் நீங்களே செய்யுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கே சலிப்பு வருகிறது, எங்கே ஒரு படி தாண்டிப் போய்விட்டார்கள் என்று குறித்துவையுங்கள்.

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று தெரிவது வேறு. இந்த இரண்டாவது அறிவுக்கு 1986-இல் லீ ஷுல்மன் ஒரு கட்டுரையில் தனிப் பெயர் கொடுத்தார். அந்தக் கட்டுரை நீளமானதல்ல. ஆனால் அந்த அறிவு கட்டுரைகளில் பாதிதான் கிடைக்கும். மீதி பிள்ளைகளின் நோட்டுகளில் இருக்கிறது.

ஒருமுறை ஒரு சிறுமியின் கணக்கு நோட்டில் 43-லிருந்து 27-ஐக் கழித்து 24 என்று எழுதியிருந்தது. அடுத்து 52-லிருந்து 38 போக 26. அதற்கடுத்து 61-லிருந்து 45 போக 24. மூன்றுக்கும் சிவப்பு மையில் தப்புப் போட்டிருந்தார்கள். கவனக்குறைவு என்று ஓரத்தில் ஒரு வரி. அவளைக் கூப்பிட்டு, எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “சின்னதுல இருந்து பெருசு போகாதுன்னு சொன்னீங்கல்ல டீச்சர், அதான் பெருசுல இருந்து சின்னதைக் கழிச்சிட்டேன்” என்றாள். ஒன்றுகளில் 7-லிருந்து 3, பத்துகளில் 4-லிருந்து 2. மூன்று கணக்கிலும் ஒரே விதி, ஒரு இடத்திலும் பிசகவில்லை. கடன் வாங்கிக் கழிப்பதைத் தொடங்கும்போது நாங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான் அந்த விதியைக் கொடுத்திருந்தது. அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் வகுப்பில் சொல்வதில்லை. பத்துக் குச்சிகளைக் கட்டிய கட்டு ஒன்றை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்ப்பதில் தொடங்குகிறேன்.

ஆகவே கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில், ஆசிரியரின் அனுமதியோடு, இருபது நோட்டுகளை வாங்கிப் படியுங்கள். சரியான விடைகளை விட்டுவிடுங்கள். தவறுகளை மட்டும் பார்த்து, ‘எந்த விதியைப் பின்பற்றினால் இந்த விடை வரும்?’ என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். இதற்குத் துணையாக ஜான் ஹோல்ட்டின் ‘ஹவ் சில்ட்ரன் ஃபெயில்’, 1964. சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து அவர் எழுதிய குறிப்புகள் அவை. ஆசிரியரின் முகத்தைப் படித்து விடையை மாற்றும் பிள்ளை, சரியாகவும் தப்பாகவும் கேட்கும்படி முணுமுணுக்கும் பிள்ளை எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டு ‘புரிந்தது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகும் பழக்கம், இதைப் படித்த பிறகு உங்களிடம் நீடிக்காது.

மொழிப்பாட ஆசிரியர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வாரம் ஒரு சிறுவர் நூல். வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள். எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் மனத்துக்குள் வாசிக்கும்போது தெரியாது.

படி 5: வகுப்பு நடத்தும் கைப்பழக்கம்

இங்கே தடித்த நூல்கள் வேண்டாம். சின்னச் சின்ன எழுத்துகள் போதும். பராக் ரோஸன்ஷைன் 2010-இல் எழுதிய ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ ஒரு சிறு வெளியீடு, பத்துக் கொள்கைகள். முந்தைய பாடத்தை நினைவுபடுத்தித் தொடங்குவது, சிறு சிறு படியாகக் கொடுப்பது, செய்து காட்டுவது என்று எல்லாம் நடைமுறை சார்ந்தவை. வாரத்துக்கு ஒரு கொள்கையை மட்டும் எடுத்துப் பழகுங்கள். பத்தையும் ஒரே பாடக்குறிப்பில் திணித்தவர்களுக்கு ஒன்றும் கைவரவில்லை.

மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று காட்டியது. மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். உங்கள் வகுப்பை ஒருமுறை செல்போனில் ஒலிப்பதிவு செய்து, காத்திருந்த நேரத்தை அளந்து பாருங்கள். மூன்று நொடி மௌனம் நிற்பவருக்கு எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பது செய்து பார்த்தால்தான் விளங்கும்.

மதிப்பீட்டுக்கு, பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் 1998-இல் எழுதிய ‘இன்சைட் தி பிளாக் பாக்ஸ்’. அதோடு ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் தேடிப் படியுங்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள், கருத்துக் குறிப்பு மட்டும் பெற்றவர்கள், இரண்டும் பெற்றவர்கள் என மூன்று குழு. குறிப்பு மட்டும் பெற்ற குழு முன்னேறியது. இரண்டும் பெற்ற குழுவில் மதிப்பெண் அந்தக் குறிப்பின் பலனை அடித்துக்கொண்டு போய்விட்டது.

படி 6: இப்போது தத்துவம்

சில வாரங்கள் வகுப்பெடுத்த பிறகு கோபம் வரும். சில பிள்ளைகள் ஏன் எப்போதும் பின்னால் இருக்கிறார்கள் என்று தூக்கம் கெடும். அதுதான் சரியான நேரம். ‘ஒரு ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற பொருள்பட இத்தாலிய மொழியில் 1967-இல் வெளியான நூலை எடுங்கள். பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், லோரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியில் படித்த எட்டுச் சிறுவர்கள் சேர்ந்து எழுதியது. தங்களைப் போன்ற ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிகள் ஃபெயிலாக்கி வெளியே அனுப்பியதைப் புள்ளிவிவரங்களோடு கேட்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நோட்டின் வலது பக்கத்தில் அவர்களுக்கு ஒரு பதில் எழுதுங்கள். எழுத முடியாமல் போனாலும் நல்லதுதான், முயன்ற வரிகளை அடிக்காமல் விடுங்கள்.

பாவ்லோ ஃப்ரெய்ரேயின் ‘பெடகாகி ஆஃப் தி ஆப்ரஸ்டு’ நூலை இரண்டாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். மாணவரை வெறும் உண்டியலாக்கித் தகவலைப் போட்டுவைக்கும் கல்வியை அவர் விமர்சிப்பது அங்கே. மற்ற அத்தியாயங்கள் கடினம், மெதுவாகப் போகலாம். டூயியின் 1916 நூலைத் தொடும் முன், அவர் பிற்பாடு 1938-இல் எழுதிய ‘எக்ஸ்பீரியன்ஸ் அண்ட் எஜுகேஷன்’ நூலைப் படியுங்கள். சிறிய நூல். பழைய முறையைக் கண்டிக்கும் டூயி, புதிய முறை என்ற பெயரில் திட்டமின்றி நடத்துபவர்களையும் அதே அளவு கண்டிக்கிறார். அனுபவம் எல்லாமே கல்வி ஆகிவிடாது என்கிறார். இது முடிந்தபின் ரூசோவையும் தாகூரையும் மாண்டிசோரியையும் நீங்களே தேடிப் போவீர்கள்.

தனியாகப் படிக்க வேண்டாம். நான்கு பேர் சேருங்கள், வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம். நூலைச் சுருக்கிச் சொல்வதற்கு அனுமதி இல்லை. ‘இதை ஒரு குழந்தையிடம் செய்து பார்த்தேன், இப்படி நடந்தது’ என்று தொடங்குபவர் மட்டும் பேசலாம்.

படி 7: ஒதுக்கிவைக்க வேண்டியவை

பயிற்சி வகுப்புச் சுவர்களில் ஒரு கூம்புப் படம் தொங்கும். படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20, செய்வதில் 90 நினைவில் நிற்கும் என்று. எட்கர் டேல் 1946-இல் வரைந்த மூலக் கூம்பில் எந்தச் சதவீதமும் இல்லை. பிற்பாடு யாரோ சேர்த்தவை அவை. அதேபோல், கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அந்தந்த வழியில் நடத்த வேண்டும் என்ற கருத்து. 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் கிடைத்த ஆய்வுகளைப் பரிசீலித்து, அப்படி நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். தேர்வில் கேட்டால் எழுதிக்கொடுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் நெற்றியில் அந்த முத்திரையை ஒட்டாதீர்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு

முதல் ஆண்டில் புதிய நூல் படிக்க நேரம் இருக்காது, சரி. சலிவனின் கடிதங்களை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு கடிதம் போதும். முதல் பருவம் முடிந்ததும் படி 1-இல் எழுதிய நோட்டை எடுங்கள். நீங்கள் அவமானப்பட்டதாக எழுதிய பக்கத்தைத் திறந்து, எதிரே உள்ள வலது பக்கத்தில், இப்போது உங்கள் வகுப்பில் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.